வலப்பக்கச் சுவர்

விதிகள் இரண்டே.
வலக்கை சுவரை விட்டு நீங்கக் கூடாது.
திருப்பம் வந்தால் சீட்டியடிக்க வேண்டும்.
வேலைக்குச் சேர்ந்த அன்று தந்த தாளில் இருந்தது.
வெளிச்சத்தில் படித்துவிட்டு உள்ளே போனேன்.
முப்பத்தொரு வருஷம்.

அருவி விழும் எங்கள் ஊருக்குப்
பனி ஏரியிலிருந்து வரும்,
சம்பளம் கம்பெனியிலிருந்து.
முதலில் கண்ணாடித் தகடு விற்றார்களாம்.
இதைச் சுருட்ட முடிந்தால் என்ன என்று
யாரோ கேட்டிருக்கிறார்கள்.
அந்த ஒரு கேள்வியில்தான்
மூன்று பள்ளிக்கூடம், ஓர் இசையரங்கம்,
எங்கள் எல்லார் வீட்டுக் கூரையும்.

பதினான்காம் எண் கட்டடத்தில் ஃபிலிம் பூசினோம்.
ஊருலகத்துக் கல்யாணங்களையெல்லாம்
பிடித்து வைக்கப்போகும் சுருள்
ஒரு மின்மினியைக்கூடத் தாங்காது.
அதனால் கும்மிருட்டு.

எதைக் கொண்டு செய்தோம் என்றால் நம்பமாட்டீர்கள்.
வெள்ளிக் கட்டி, அமிலம், மாட்டெலும்பு.
ரயிலில் எலும்பு வந்து இறங்கும் நாளில்
தெருவே ஜன்னலைச் சாத்தும்.
ஒரு வருஷம் படமெல்லாம் மங்கலாக விழுந்தது.
கோட்டுப் போட்டவர்கள் ஆறு மாதம் தேடிக் கண்டுபிடித்தார்கள்:
எங்கோ மேற்கே மாடுகள்
கடுகுச்செடி மேய்வதை நிறுத்திவிட்டனவாம்.
சிரிக்காதீர்கள்.
எங்கள் பங்கு விலை
பசுவின் நாக்கில் இருந்த காலம் அது.

இருட்டுக்குள் எனக்கு ஒருவரைத் தெரியும்.
ஆறாம் எந்திரத்துக்காரர், மறுவாசல் வழியாக வருபவர்.
சர்ச்சில் பாடும் பாட்டு ஒன்றைச் சீட்டியடிப்பார்,
மூன்றாவது வரியில் தவறாமல் சுதி விலகும்.
எனக்குச் சீட்டி வராது.
நாக்கை அண்ணத்தில் தட்டுவேன், கோழியைக் கூப்பிடுவதுபோல.
சீட்டி. தட்டு.
இடத்தோளில் ஒரு காற்று, புதினா மிட்டாய் மணம்.
அவ்வளவுதான் பழக்கம்.
கணவர் எல்ஜினிடம் சொன்னதில்லை.
சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச்சில் போனஸ்.
கார் விற்பவர்கள் தோரணம் கட்டுவார்கள்.
பல் டாக்டர் பழைய பாக்கிக்கு ஆள் அனுப்புவார்.
நாங்கள் பச்சைக் கார் வாங்கினோம்,
ட்ருடியின் பல்லுக்குக் கம்பி கட்டினோம்.

ஒருநாள் கேன்டீனில் பேச்சு:
மேல்மாடியில் ஒரு பையன்
ரொட்டி சுடும் பெட்டி அளவில் கேமரா செய்திருக்கிறானாம்.
ஃபிலிமே கிடையாதாம்.
அரை நிமிஷம் காத்திருந்தால்
சாம்பல் கறையாக ஒரு பெண்முகம் வருமாம்.
நன்றாயிருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்றார்களாம்.
சூப்பை உறிஞ்சிக்கொண்டே சிரித்தோம்.
நானும் சிரித்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

பிறகு நடந்தது மெதுவாக நடந்தது.
முதலில் இரவு ஷிப்ட் போனது.
மருந்துக்கடையில் எங்கள் பெட்டிகள் இருந்த கொக்கியில்
செல்ஃபோன் உறை தொங்கியது.
தோரணம் கட்டுவது நின்றது.
ஆறாம் எந்திரத்தை நிறுத்திய வாரம்
சீட்டியும் நின்றது.
அந்தத் திருப்பத்தில் நான் மேலும் ஒன்பது மாதம்
நாக்கைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர், சனிக்கிழமை, காலை எட்டு மணி.
கட்டடத்தை வெடி வைத்து இறக்கினார்கள்.
டோனட் விற்றார்கள்.
குழந்தைகள் தோள்களில் ஏறியிருந்தார்கள்.
பத்து, ஒன்பது என்று எண்ணத் தொடங்கியதும்
ஊரே கையை உயர்த்தியது, கைக்கொரு ஃபோன்.
என் கையிலும். ட்ருடி வாங்கித் தந்தது.
கட்டடம் ஒரு கணம் யோசித்தது.
பிறகு மண்டியிட்டது.

புழுதி எங்கள் மேல் வந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன்.
அப்போதுதான் கேட்டது,
கம்பிவேலி ஓரமாக,
எதிரிலிருந்து நெருங்கி வரும் சீட்டி.
மூன்றாவது வரி.
விலகியது.

வலக்கை தானாகப் போய் வேலியைத் தொட்டது.
நாக்கு அண்ணத்தைத் தட்டியது.
இடத்தோளில் காற்று.

கண்ணைத் திறந்தபோது
நாலைந்து முதுகுகள் போய்க்கொண்டிருந்தன,
எல்லாம் ஒரே சாம்பல்.
ஃபோனை எடுத்துப் பார்த்தேன்.
படம் முழுக்க
என் கட்டைவிரல்.