அளவெடுக்கப் போன வீடு

செப்டம்பர் கடைசி. ஏரி இன்னும் உறையவில்லை.
நுர்மெஸ்ஸுக்கு வடக்கே, மண்சாலை முடிகிற இடத்தில் வீடு.
அளவு நாடா, தூக்குக் குண்டு, ஒரு தீப்பெட்டி,
அடுப்புக்காரியின் பையில் இவ்வளவுதான்.

தாய்ஸ்தோவுக்கு இரும்பு அடுப்பு வேண்டும்.
கண்ணாடிக் கதவு. உள்ளே தீ ஆடுவது தெரிய வேண்டும்.
பத்தே நிமிடத்தில் சூடு, என்றார்.
விடிவதற்குள் சில்லிட்டுவிடும், என்றேன்.
நிலவறையில் கொதிகலன் வைத்துக் குழாய் ஓட்டலாமா?
ஓட்டலாம். மின்சாரம் போனால் பம்பு நிற்கும்.
போன ஜனவரியில் நாலு நாள் போனது.
அதை இருவருமே சொன்னார்கள், தனித்தனியாக.

இர்யாவுக்கு மாக்கல் அடுப்பு.
காலையில் இரண்டு மணி நேரம்
பிர்ச் விறகை முழுமூச்சாக எரித்து அடைத்துவிட்டால்
கல் வாங்கி வைத்ததை
மறுநாள் காலைவரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும்.
எடை ஆயிரத்து எண்ணூறு கிலோ.
தரையைப் பிளந்து கீழே கான்கிரீட் போட வேண்டும்.

இரும்பு என்றால் நாலு திருகு,
கழற்றி வண்டியில் ஏற்றிவிடலாம், என்றார் தாய்ஸ்தோ
ஜன்னலைப் பார்த்தபடி.
ஆமாம், இதை ஏற்ற முடியாது, என்றார் இர்யா.
பிறகு காபி ஊற்றும் சத்தம் மட்டும்.

எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி கேட்பேன்:
ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து விறகு போடுவது யார்?
சிரிப்பார்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.
இங்கே கேட்கவில்லை.
புகைபோக்கியைப் பார்க்கப் போகும் வழியில்
இரண்டு அறை, இரண்டு கட்டில்,
ஒவ்வொன்றிலும் ஒற்றைத் தலையணை.
ஓர் அறையில் கொடி நிறையக் கம்பளிக் காலுறை,
மற்றதில் கருகிய வாசனையோடு ஒரு மின் ஹீட்டர்.
நடுவே பலகைச் சுவர்.

தட்டிப் பார்த்தேன். உள்ளே மரத்தூள்.
பாரம் தாங்கும் சுவர் இல்லை, வெட்டலாம்.

அந்தச் சுவர் கூடத்தில் வந்து முட்டும் இடத்தில்
அடுப்பை வரைந்தேன்.
வாய் கூடத்துக்கு. ஒரு விலா அந்த அறைக்கு, ஒரு விலா இந்த அறைக்கு.
ஏன் என்று கேட்டால்
புகை நேராக ஏற வேண்டும் என்று சொல்ல வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
தாய்ஸ்தோ மட்டும் பென்சிலை வாங்கி
விறகுப்பெட்டியை ஒரு சாண் தள்ளிப் போட்டார்,
இர்யா நடக்கும் வழியிலிருந்து.
கண்ணாடிக் கதவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நவம்பரில் கட்டி முடித்து
தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்:
முதல் இரண்டு வாரம் சின்னத் தீ போதும்.
ஒரு கை சுள்ளி, நாளைக்கு ஒரு தடவை.
காரை ஈரம் கக்க வேண்டும்.
அவசரப்பட்டுக் கொளுத்தினால் விரிசல் விடும்,
அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பணம் வந்தது.
சரிபாதியாக, இரண்டு வேறு கணக்கிலிருந்து,
ஒரே நாளில்.