இதர பொருள் 212

தகரத் தடுப்பில் ஒட்டிய அறிவிப்பு
சாக்கடைப் பக்கம் பார்த்திருந்தது.
ஆட்சேபத்துக்கு முப்பது நாள்.
இருபத்திரண்டாம் நாள்
காற்றில் பறந்த குடையைத் துரத்திப் போனதில்
படித்தேன்.

ஜார்ஜ்டவுன், சூலியா தெருவின் பின்சந்து.
ஐந்து மாடி ஹோட்டல் எழும்புமுன்
பல்கலைக்கழகத்துக்கு மூன்று வாரம் கொடுத்திருந்தார்கள்.
பொதுமக்களும் வந்து மண் சலிக்கலாமாம்.
பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடித்து
கண் எரிய எரிய வந்து குந்தினேன்.

ஈர மண் சலிபடாது, உருளும்.
தண்ணீர் ஊற்றி உள்ளங்கையால் தேய்க்க வேண்டும்.
நீலப்பூ பீங்கான், கோழி எலும்பு,
சோடா பாட்டில் கோலிக்குண்டு.
பன்னிரண்டாம் வாளியில்
உளுந்தளவு ஒன்று தங்கியது, மஞ்சளாக.

ஸ்க்ரூ, என்றான் வெய் ஷென்.
கடிகாரத்துடையதாக இருக்கும்.
பட்டியலில் ஏற்றினான்: இதர பொருள், 212.

மூக்குத்தியின் திருகாணி, தம்பி.
என் மூக்கைக் காட்டினேன்.
கழற்றியும் காட்டினேன்.
மலாயில் என்ன சொல்வதென்று ஹஸ்லினாவைக் கேட்டான்.
அவளுக்கும் தெரியவில்லை.
இதர பொருளாகவே இருந்துவிட்டது.

அன்று மாலையே அது அரசாங்கத்தின் சொத்து.
பாரம் மூன்று பிரதி.
கண்டெடுத்தவர்: தவமலர் த/பெ காத்தமுத்து.
மதிப்பு எத்தனை வெள்ளி: தெரியாது.
உரிமையாளர் என்ற கட்டத்தை மட்டும்
அச்சிலேயே நிரப்பியிருந்தார்கள்.
பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி
நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்துவிடாதா என்றிருந்தது.

விசாரணைக்கு ஆறு பேர்.
இருவர் ஏர்கண்டிஷனுக்காக வந்தவர்கள்.
வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்:
அம்மா, நீங்கள் நிலத்துக்காரரா?
பக்கத்து வீட்டுக்காரரா?
எந்த வகையில் பாதிக்கப்பட்டவர்?

திருகாணி விழுந்தால் எப்படித் தேடுவோம் தெரியுமா, ஐயா.
யாரையும் நடக்க விடமாட்டோம்.
இருந்த இடத்திலேயே நில்லுங்கள் என்போம்.
கூட்டி அள்ளிய குப்பையைத்
திரும்பக் கொட்டிக் கிளறுவோம்.
கன்னத்தைத் தரையில் வைத்து
வெளிச்சம் எங்கே மினுங்குகிறது என்று பார்ப்போம்.
அந்தச் சந்தில் ஒருத்தி
இன்னும் அப்படியே கிடக்கிறாள்.
எழுந்திருக்கட்டும்.
அதுவரை யாரும் நடக்க வேண்டாம் என்கிறேன்.

குறிப்பெடுப்பவர் நிமிர்ந்தார்.
மொழிபெயர்ப்பாளர் அத்தனையையும்
மலாயில் ஒரே வரியாக்கினாள்:
ஆட்சேபிக்கிறார்.

சொல்லிவிட்டு
தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.