மீன் அதுக்கு

அரிசி, பச்சை.
முட்டை, பச்சை.
சோப்புத்தூள் போன மாதம் சிவப்பு, இந்த மாதம் பச்சை.
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் மூன்றாம் கவுண்டர்,
பட்டியல் எழுதுகிறவள் இல்லை.

ஜெலுத்தோங்கில் மழை. மாலை ஆறரை.
இரவுக் காவலுக்குப் போகும் சீருடையில்
சன்னாசி அண்ணன் அடையாளக் கார்டை நீட்டுகிறார்.
உதவித்தொகையில் மீதி
முப்பத்தொரு ரிங்கிட் நாற்பது சென்.
கடைசியாக ஒரு பொட்டலம், பூனைத் தீனி.
இயந்திரம் இரண்டு முறை முனகுகிறது.
சிவப்பு.

"பூனைக்கெல்லாமா அரசாங்கம் சோறு போடும்?
நாம கட்டுற வரி."
"ஏன், இல்லாதவன் வீட்ல பூனை இருக்கக் கூடாதா?"
"வேணாங்கல. அவரு காசுல வளக்கட்டும்."
"காசு இருந்தா இந்தக் கார்ட ஏன் நீட்டுறாரு?"

வரிசைக்கு நேரம் போவது தெரியவில்லை.
கேஸ் பானம் கொடுக்கலாமா,
கொடுத்தால் நாளைக்கு சிகரெட்டும் கேட்பார்களே,
பிள்ளைக்கு ஒரு சாக்லேட் கேட்டால் என்ன குற்றம்,
இனிப்புநீருக்கு ஊசி போடுவதும் நம் வரியில்தானே.
யாருடைய கூடையிலோ ஐஸ்கிரீம் வியர்க்கிறது.
விளக்குத் திரி சிவப்பான கதையை
ஒரு அக்கா ஆரம்பிக்கிறார்.
அன்று நல்லெண்ணெய் மட்டும் பச்சை:
தாளிக்கலாம்,
ஏற்றக் கூடாது.

சன்னாசி அண்ணன் எதற்கும் திரும்பவில்லை.
பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு
உள்ளே போய்
இரண்டு சார்டின் டின்னோடு வருகிறார்.
பச்சை. பச்சை.
பூனைத் தீனி மூன்று ரிங்கிட் இருபது.
டின் ஒன்று ஆறு எண்பது.
வரி கட்டுகிறவர் முகம் தெளிகிறது.
மனிதன் மனிதச் சாப்பாட்டை வாங்கிவிட்டான்.

பையைக் கட்டும்போது
எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்கிறார்:
"அதுக்குக் காரம் ஆகாதும்மா.
மீன் அதுக்கு,
சாஸ் எனக்கு."

ஒன்பதரை.
ஷட்டர் பாதி இறங்கியபின்
என் கார்டை நானே வைக்கிறேன்.
அரிசி. பிஸ்கட். சின்னவனுக்கு இருமல் மருந்து.
எல்லாம் பச்சை.
ஊதா நிற நெயில் பாலிஷை மட்டும்
தனியாக எடுத்து வைத்து
சட்டைப்பைச் சில்லறையை எண்ணுகிறேன்,
பின்னால் யாரும் நிற்கவில்லை என்று
ஒரு தடவை
பார்த்துக்கொண்டு.