கொசோ நாள்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் கணவருக்கு
இறந்தவருக்கு உண்டான மரியாதை கிடைக்கும்.
அன்று அவரை வழக்குக்கு அழைக்க முடியாது.
கடனைக் கேட்க முடியாது.
வேலிக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதுகூட
நல்ல பழக்கம் இல்லை.
"யிக்சாவ் கொசோ குடித்திருக்கிறார்."
நான் இவ்வளவு சொன்னால் போதும்,
வந்தவரும் அவர் கழுதையும்
வந்த வழியே திரும்புவார்கள்.

தெப்ரே தாபோர் சந்தையில் வாங்குவேன்.
பெண்மரத்துப் பூவாகப் பார்த்து.
குதிரைவால் நீளம், காய்ந்த ரத்தத்தின் நிறம்.
ஆண்பூவைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்,
அது வாந்திக்குத்தான் ஆகும்.
காம்பு கிள்ளி, கல்லில் அரைத்து,
இரவெல்லாம் தெல்லாவில் ஊறப்போடுவேன்.

ஒரு கைப்பிடி.
என் கைப்பிடி.
கூடினால் கண் போகும்,
இன்னும் கூடினால் ஆள் போகும் என்பார்கள்.
அது அவருக்கும் தெரியும்.
குவளையை வாங்குமுன் ஒருமுறை
என் முகத்தைப் பார்ப்பார்.
இருபத்தொரு வருடமாக அப்படித்தான்.

பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு.
மரத்தைத் திட்டுவார், மாட்டைத் திட்டுவார்,
மாட்டை விற்ற என் அண்ணனைத் திட்டுவார்.
உச்சிவேளையில் கள்ளிவேலிக்குப் பின்னால்
எல்லைத் தகராறுக்கு நிலம் அளப்பவர்போல்
குச்சியோடு குனிந்திருப்பார்.
தலை வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.
தலை தங்கினால் உடம்பு மறுபடி வளரும்.
வழக்கும் அப்படித்தான் என்பார்.
சாயங்காலம் கோழிக்குழம்பு.

போன மழைக்காலத்தில் பிதேவ் வந்தான்,
எருதுக் கடனுக்கு.
அன்று கொசோ இல்லை, ஒன்றும் இல்லை.
மாட்டுத்தோலுக்கு அடியில் படுத்துக்கொண்டு
இவர் எனக்குக் கைகாட்டினார்.
சொன்னேன்.
பிதேவ் சிலுவை போட்டுக்கொண்டு
"தலையோடு வரட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனான்.
தோலுக்கு அடியிலிருந்து
பச்சை இறைச்சி மெல்லும் சத்தம்.
அடுத்த புழுவுக்கு
அப்போதே விதை போட்டுக்கொண்டிருந்தார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.
இத்தனை லேசா இது?

மழை ஓய்ந்த ஒரு காலையில் நான் எழுந்திருக்கவில்லை.
"கொசோ குடித்திருக்கிறேன்" என்றேன்.
சல்லடை கேட்டு வந்த சிமேன்
வேலியோடு போய்விட்டாள்.
யாருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.
யாருக்கும் என் பெயர் ஞாபகம் இல்லை.
அவரே இஞ்செரா சுட்டார்,
ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு.
நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
புல்லுக்கு நடுவே ஒரு குளவி
கூடு கட்டிக்கொண்டிருந்தது.
எத்தனை நாளாகக் கட்டுகிறதோ.
மத்தியானம் பேருக்கு ஒருமுறை வேலிப்பக்கம் போய்
அங்கே உட்கார்ந்து
பக்கத்து மலையில் மேகத்தின் நிழல்
ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"தலை வந்ததா?"
"வந்தது."

விளக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர்
பாதியில் நின்றார்.
"பச்சை இறைச்சி நீ எப்போது தின்றாய்?"

தொடைக்கறியை நான்தான் தூக்கிப் பிடிப்பேன்,
விருந்தாளிகள் ஆளுக்கொரு பக்கம் அறுத்துக்கொள்ள.
கை மரத்துப்போகும்வரை பிடித்திருப்பேன்.
எனக்கு மிஞ்சுவது எலும்பு,
அதுவும் வெந்த எலும்பு.
இருபத்தொரு வருடமாக.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
குளவியைப் பார்த்தேன்.
அவரும் சற்றுநேரம் குளவியைப் பார்த்தார்.

மஸ்கல் விருந்தில்,
ஆட்கள் நிறைந்திருந்த கூடத்தில்,
யாரிடமோ ஏதோ பேசிக்கொண்டே
கத்தி முனையில் ஒரு துண்டை
என் பக்கம் நீட்டினார்.
கட்டைவிரல் அளவு. இன்னும் சூடு இருந்தது.
இப்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

எல்லோரும் பார்க்கத் தின்றேன்.
மிளகாய்ப்பொடிதான் சற்று அதிகம்.