பதினான்கு கிலோ

துங்காபி. ஜூன் மாதக் குளிர்.
ஹீட்டர் முன் காயும் காலுறைகளை ஒதுக்கிவிட்டு
சாப்பாட்டு மேசையில் கடலை விரித்திருக்கிறான் செந்தூரன்.

லார்ட் ஹோவ் தீவு. சின்ன விமானம்.
ஆளுக்குப் பதினான்கு கிலோ, அதற்குமேல் இல்லை.
துடுப்புகள், முகமூடி, ரெகுலேட்டர்,
ஐந்து மில்லிமீட்டர் ரப்பர் உடை,
குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாய் ஏறி இறங்குகின்றன
அடகுக்கடை நகைகள்போல.
ஈயக்கட்டிகள் அங்கேயே தருவார்களாம்.
மூழ்குவதற்கான பாரத்தை
நாங்கள் சுமந்து போகத் தேவையில்லை.

மருத்துவப் படிவத்தையும் அவன்தான் வாசிக்கிறான்.
இழுப்பு? இல்லை.
நெஞ்சுவலி? இல்லை.
நாற்பத்தைந்து தாண்டியவரா?
என்னைப் பார்க்காமலே ‘ஆம்’ என்று குறிக்கிறான்.
செவிப்பறையில் காயம்?
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து,
திரும்ப மாட்டி,
எனக்காக ‘இல்லை’.

அவனுக்கு இடது காது.
தொண்ணூற்றைந்து, ஐப்பசி. அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான்.
பதினெட்டு வருடமாக நான் அவனுக்கு வலப்பக்கம் நடக்கிறேன்.

நான் இறங்கும் நேரம், ஏறும் நேரம்,
அலை, காற்று, படகு எல்லாம்
அவன் அட்டவணையில் நீலக் கட்டங்கள்.
கடைசி நாள் மட்டும் வெள்ளை.
இரத்தத்தில் கரைந்த காற்று
அவசரமில்லாமல் வெளியேறிய பிறகுதான்
விமானம் ஏறலாம்.
‘வியாழன்: சும்மா’ என்று தட்டுகிறான்.

என் பை பதினேழு காட்டுகிறது.
பேசாமல் துடுப்புகளை எடுத்துத் தன் பைக்குள் வைக்கிறான்.
இரண்டாவது ஜாக்கெட் வெளியே.
தடித்த நாவல் வெளியே.
மிஞ்சியது மூன்று சட்டை, ஒரு சாரம்,
படகிலிருந்து என் குமிழிகளை எண்ணிக்கொண்டிருக்கையில்
வயிற்றைப் பிரட்டாமலிருக்கக் குளிசை.

“கீழ ஒரே அமைதியோ?”
இத்தனை பயணத்தில் இன்றுதான் கேட்கிறான்.

இல்லை. என் மூச்சு, கொதிக்கிற கேத்தில்போல.
பிறகு கிளிமீன்கள் பவளத்தைக் கடிக்கும்,
ஆரோ பக்கத்திலிருந்து பருத்தித்துறை வடை நொறுக்குவதுபோல.
ஆனால் எந்தப் பக்கமென்று தெரியாது.
தண்ணீருக்குள் சத்தத்துக்குத் திசை இல்லை.

வலது காதை என் பக்கம் திருப்பி
முழுதும் கேட்டுவிட்டுச் சொல்கிறான்:
“எனக்கு மேலயும் அப்பிடித்தான்.”

தராசில் அவன் பை.
பதினாலு புள்ளி இரண்டு.
சாரத்தை எடுத்து வெளியே வைக்கிறான்.