மோட்டார் இல்லாத ஃப்ரிட்ஜ்

படத்தில் என் பெயர் கடைசியில் வரும்,
விளக்கெல்லாம் எரிந்து
துடைப்பம் உள்ளே வந்த பிறகு.
கலைத்துறை உதவி: கமல்கிஷோர் சாஹூ.
உதவி என்றால்
கதாநாயகியின் அப்பா கொடுக்கும் வரதட்சணையை
வாடகைக்குப் பிடித்து வருவது.

லக்னோவில், அமீனாபாத் சந்துக்குள்
ஒரு கிடங்கு இருக்கிறது.
இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், உள்ளே மோட்டார் கிடையாது,
தூக்க இரண்டு பேர் போதும்.
டிவி, வெறும் சட்டமும் கறுப்புக் கண்ணாடியும்.
பித்தளையில் முலாம் பூசிய பதினான்கு வளையல்.
மோட்டார்சைக்கிள் மட்டும் நிஜம்,
ஒளிப்பதிவாளரின் மைத்துனனுடையது.
கீறல் விழுந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அதற்கு மட்டும் நானே ரிப்பன் கட்டினேன்.

காதல் கதைதான், சிரிப்புப் படம்.
அவன் கோச்சிங் சென்டரில் கணக்கு வாத்தியார்,
அவள் எதிர்க்கடையில் ஜெராக்ஸ் போடுகிறவள்.
அவன் அம்மா எழுதிய சீர்ப் பட்டியலை
விவரம் தெரியாத பொடியன் ஒருவன்
இவளிடமே நகலெடுக்கக் கொடுக்க,
இவள் நூறு பிரதி எடுத்து
ஊரெல்லாம் ஒட்டிவிடுகிறாள்.
எழுதியவர் கெட்டிக்காரர்.

மண்டபக் காட்சிக்குக் கூட்டம் போதவில்லை.
ஆளுக்கு ஐந்நூறு, மதியம் பூரி.
சீதாபூரிலிருந்து தங்கை குமுத்தை வரச் சொன்னேன்.
பச்சைப் புடவையில் வந்தாள். மூன்றாம் வரிசை.
கதாநாயகி மாலையைக் கழற்றி
ஃப்ரிட்ஜின் கைப்பிடியில் மாட்டி,
"இதைக் கட்டிக்கோ. கோபம் வந்தாலும் சூடாகாது"
என்று மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்,
கூட்டம் கைதட்ட வேண்டும்.

முதல் டேக்கில் மேலே விமானம் போனது.
நான்காவதில் மாலை நழுவியது.
ஏழாவதில் மாப்பிள்ளைக்கே சிரிப்பு.
பதினோராவதில் எல்லாம் சரி, கட் என்றார்கள்.
எல்லாக் கையும் நின்றது,
குமுத்தின் கை நிற்கவில்லை.
ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத்
திரும்பிப் பார்த்தார்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
தனியாகத் தட்டிக்கொண்டிருந்தாள்,
அவசரமில்லாமல்,
ரொட்டிக்கு மாவு தட்டுகிற மாதிரி.

அன்றிரவு பேருந்தில் என் சட்டைப்பையில்
இரண்டு பட்டியல்.
ஒன்று கிடங்குக்குத் திருப்ப வேண்டிய சாமான்.
மற்றது பன்வாரிலால்ஜி வீட்டிலிருந்து வந்தது.
அவர் பையன் விபினைத்தான் குமுத்துக்குப் பேசியிருக்கிறோம்,
பாசன இலாகா குமாஸ்தா.
"நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை" என்று ஆரம்பித்துத்
தாளின் பின்பக்கம் வரை போகும்.
அரை வெளிச்சத்தில் ஒன்றை எடுத்துப் படித்தேன்.
எதைப் படிக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.
இரண்டிலும் மூன்றாவது வரி ஃப்ரிட்ஜ்.

படம் வந்தது.
இரண்டு வீட்டாரும் சேர்ந்தே போனோம்,
டிக்கெட் எங்கள் செலவு, பாப்கார்னும்.
பன்வாரிலால்ஜி தொடையில் அடித்துச் சிரித்தார்.
ஃப்ரிட்ஜுக்கு மாலை விழுந்தபோது
கண்ணையே துடைத்துக்கொண்டார்.
"இந்தப் பேராசைப் பிடித்த பயல்களுக்கு
இப்படித்தான் வேணும்!"
வெளியே வந்ததும், சைக்கிள் ஸ்டாண்டில்,
என் தோளில் கைபோட்டு மெதுவாகக் கேட்டார்:
"வண்டி என்ன கலர்னு சொன்னீங்க?"
விபின் போஸ்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.
வெட்கமா, பசியா, கண்டுபிடிக்க முடியவில்லை.

குமுத்தின் முகம் படத்தில் இல்லை,
மூன்றாம் வரிசையைக் கத்தரித்துவிட்டார்கள்.
ஆனால் அந்தக் காட்சி இருளும்போது
இரண்டு நொடி, எல்லாரும் ஓய்ந்த பிறகு,
ஒற்றைக் கைதட்டல் கேட்கிறது.
அதை மட்டும் யாரோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்,
"அண்ணா, அந்தக் கிடங்கு ஃப்ரிட்ஜ் இருக்கே,
கதவைத் திறந்தா உள்ளே லைட் எரியுமா?"
எரியும், அதற்குள் பேட்டரி இருக்கு என்றேன்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
இல்லை, கடையில் விலை விசாரிக்கிற முகம்.

"ரெண்டு நாளைக்கு என்ன வாடகை?"