டேப்பின் மறுமுனை

கமிஷனர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கியபோது மணி பத்தரை.
சர்வேயரின் உதவியாள் வரவில்லை,
கூக்காலில் ஏதோ சாவு.
'யாராவது ஆளுக்கொரு முனை பிடிங்க' என்றார்.
ஒரு முனையில் வாதியாகிய நான்.
மறுமுனையில் முதல் பிரதிவாதி
குழந்தைவேலு, என் அண்ணன்.

நாலு வருடமாக
வக்கீல்கள் வாயால் மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.
இரண்டாம் பிரதிவாதி திருப்பூரில் பனியன் மடிக்கிறான்.
சம்மனை வாங்கிக்கொண்டான், வரவில்லை.

அ ஷெட்யூல்: பூம்பாறை கிராமம்,
ஒரு ஏக்கர் எழுபது சென்ட், பதினோரு படி வயல்.
மூன்றில் ஒன்று எனக்கென்று
முதல்நிலைத் தீர்ப்பிலேயே ஆகிவிட்டது.
எந்த மூன்றில் ஒன்று என்பதுதான் இப்போது.
ஓடையோரமா,
காட்டுமாடு இறங்கும் மேல்வரிசையா.

'பன்னிரண்டு பவுன் போட்டு அனுப்பினோம்':
அவன் எதிருரை, ஆறாம் பத்தி.
அதில் ஏழு பவுன்
அவன் விதைப்பூண்டுக்காக
கொடைக்கானல் அடகுக்கடையில் மூழ்கியது.
ஆவணம் இருக்கா என்றார் என் வக்கீல்.
ரசீது அவன் பெயரில்.

அப்பாவின் பதினாறாம் நாள்,
இலை எடுக்கும் முன்னே
விடுதலைப் பத்திரம் ஒன்றை நீட்டினான்.
யாருக்கு விடுதலை என்று கேட்டேன்.
அன்றைக்கே நான் வாதி,
கோர்ட்டில் நம்பர் விழுந்தது பிறகுதான்.

ஐந்தாம் படி இறங்கும்போது மஞ்சு ஏறியது.
ஓடை போயிற்று,
அப்புறம் சர்வேயர்,
அப்புறம் என் கையிலிருந்து நாலடி தள்ளி
டேப்பும்.
'பிடிச்சிருக்கீங்களா?'
இழுத்துக் காட்டினேன்.
அந்தப் பக்கமிருந்தும் ஒரு இழுப்பு,
கொஞ்சம் பலமாகவே.

'கல்லு ஆடுது, பாத்து.'
அவன் குரல்.
எனக்கா, சர்வேயருக்கா?
'பாத்துக்கிட்டேன்' என்றேன்,
யாருக்குமாக இல்லாமல்.

கமிஷனர் அம்மா குடைக்கடியில் எழுதினார்:
பனிமூட்டம் காரணமாக அளவை ஒத்திவைக்கப்பட்டது.
இரு தரப்பினரும் ஒத்துழைத்தனர்.
கையெழுத்துப் போட ஒரே பேனா.
அவன் போட்டு முடித்து
மூடியைப் பின்னால் செருகி நீட்டினான்.
அவன் கட்டைவிரலில் ஈரமண்.
என் கையெழுத்தின் மேலும் கொஞ்சம் ஒட்டியது.

மன்னவனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
டேப்பின் ஓரம் கீறிய கோடு
உள்ளங்கையில் எரிந்துகொண்டிருந்தது.
வக்கீலுக்குப் போன் போட்டேன்.
அடுத்த வாய்தா பதினேழு.
ஓடையோரம்தான் வேண்டும்,
ஒரு சென்ட்டும் குறையக்கூடாது என்றேன்.
சிக்னல் பாதியில் போய்விட்டது.
திரும்பப் போட்டு
மறுபடியும் அதையே சொன்னேன்.